ரண சிகிச்சைக்குப் பிந்திய ஆறு மாதம்

2025-ம் வருஷம் பிப்ரவரி 1-ம் தேதி இந்திய சர்க்காரின் வரவு செலவுத் திட்டத்தைப் பார்லிமெண்டில் சமர்ப்பித்த நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன், மூன்று வருஷங்களுக்குள் தேசத்தின் எல்லா ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் புற்றுநோய்க்குப் பகல்நேரச் சிகிச்சை நிலையங்கள் ஏற்படுத்தப்படும் என்றும், அவற்றுள் 200 நிலையங்கள் 2025-26-ம் வருஷத்திலேயே அமைக்கப்படும் என்றும் அறிவித்தார். அன்று 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்ற செய்தியின் ஆரவாரத்தில், இவ்வறிவிப்புக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது நமது எண்ணம். கட்டடங்கள் எத்தனை எழும்பின என்று கணக்குக் கேட்பது எளிது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அக்கட்டடத்தினுள் நுழையும் நோயாளி, தமக்கு விதிக்கப்பட்ட மருந்துச் சிகிச்சையை இடையில் கைவிடாமல் பூர்த்தி செய்து வெளிவருகிறாரா என்பதே முக்கியமான கேள்வி. இதனைப் பொதுவாகப் பேசினால் விளங்காது. ஆகையால் ஒரு நோயை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டு இத்திட்டத்தைப் பரிசோதிக்க விரும்புகிறோம். அந்நோய் கணையத்தில் உண்டாகும் புற்றுநோய்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் கிடக்கும் உறுப்பு. உண்ட உணவைச் செரிப்பிக்கும் நீர்களையும் இன்சுலினையும் சுரப்பது அதன் வேலை. ஆழத்தில் மறைந்து கிடப்பதால், அதில் தோன்றும் கட்டி வெகு நாள் வரை தன்னை வெளிக்காட்டுவதில்லை. தலைப்பகுதியில் தோன்றிப் பித்தக் குழாயை நெருக்கினால் மஞ்சள் காமாலை காணும். மற்ற இடத்தில் தோன்றினால் முதுகு வலி, பசியின்மை, காரணமில்லாத இளைப்பு என்று ஏதேதோ சொல்லிக் காலம் போய்விடும். 2022-ம் வருஷத்தில் உலக முழுவதிலும் இந்நோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 5 லட்சத்துப் பதினாயிரம் பேர். அதே வருஷத்தில் இதனால் மாண்டவர்கள் சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். இவ்விரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே நோயின் கொடுமை விளங்கும். நோய் கண்டுபிடிக்கப்படும்போது அறுத்தெடுக்கக் கூடிய நிலையில் இருப்பவர்கள் 100-க்கு 15 அல்லது 20 பேருக்கு மேல் இல்லை.

அந்தச் சிலருக்குச் செய்யப்படும் ரண சிகிச்சை லேசானதன்று. பெர்லினில் கௌஷ் என்னும் வைத்தியர் 1909-ல் தொடங்கிவைத்த முறையை, நியூயார்க் நகரத்து ஆலன் விப்பிள் 1935-ல் திருத்தி நிலைநாட்டினார்; இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பாகம் ஆகியவற்றை எடுத்துவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் குடலுடன் இணைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும் காரியம். இதில் நமது தேசத்து நிபுணர்கள் எந்நாட்டினருக்கும் இளைத்தவர்களல்லர். சிகிச்சை நன்கு முடிந்து நோயாளி வீடு திரும்பினால், உறவினர் வந்து விசாரிக்கிறார்கள். கோவிலில் அர்ச்சனை நடக்கிறது. "வெட்டி எடுத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு என்று கூற நமக்கு மனம் கூசுகிறது. ஆயினும் கூறாதிருக்க முடியவில்லை.

கட்டியை முழுவதும் எடுத்தாலும், கண்ணுக்கும் கருவிக்கும் புலனாகாத அணுக்கள் இரத்தத்தின் வழியே ஈரல் முதலிய இடங்களில் முன்னமேயே குடியேறியிருக்கும். கத்தி அவற்றைத் தொடாது. அவற்றை அடக்கும் பொருட்டுத்தான் கீமோதெரபி என்று யாவரும் வழங்கும் மருந்துச் சிகிச்சை, உடல் தேறியபின், ஏறக்குறைய ஆறு மாத காலம் கொடுக்கப்படுகிறது. இதனால் உண்மையில் பயனுண்டா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் வைத்தியர்களுக்கே இருந்தது. ஐரோப்பாவில் பல தேசத்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய எஸ்பாக்-1 என்னும் பரிசோதனையின் முடிவு 2004-ல் வெளியானபோது அச்சந்தேகம் தளர்ந்தது: மருந்து பெற்றவர்களில் ஐந்து வருஷம் உயிர் வாழ்ந்தவர்கள் 100-க்கு 21 பேர், பெறாதவர்களில் 8 பேர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஜெம்சிட்டபின் என்ற மருந்தைக் கொண்டு நடத்திய பரிசோதனையும் இதற்கு ஒத்தே பேசியது. 2013-ல் வெளியான அதன் கணக்கில் ஐந்து வருஷம் வாழ்ந்தவர்கள் மருந்துடன் 100-க்கு 20.7, மருந்தின்றி 10.4. பிறகு பிரான்ஸும் கனடாவும் 493 நோயாளிகளைச் சேர்த்து, நான்கு மருந்துகள் கலந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் முறையின் மாற்றிய வடிவத்தை ஜெம்சிட்டபினுக்கு எதிரில் நிறுத்திப் பார்த்தன. 2022-ல் வெளியான ஐந்து வருஷக் கணக்கின்படி, கலப்பு மருந்து பெற்றவர்களில் 100-க்கு 43.2 பேரும், ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களில் 31.4 பேரும் உயிருடன் இருந்தனர். இப்பரிசோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் ரண சிகிச்சைக்குப் பின் நல்ல பலத்துடன் தேறியவர்கள் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. எல்லோருக்கும் இக்கணக்குப் பொருந்தாது. ஆயினும் இருபது வருஷத்துக்கு முன் கேட்டறியாத எண்கள் இவை.

மருந்து நல்லது என்பது ஒரு விஷயம்; மருந்தை முழுவதும் பெறுவது மற்றொரு விஷயம். இவ்விரண்டாவது விஷயத்தைப் பற்றிய சிறந்த சாட்சியம் எஸ்பாக்-3 என்னும் பரிசோதனையிலிருந்து 2014-ல் வெளிவந்தது. ஆராயப்பட்ட 985 பேரில் ஆறு தவணைகளையும் பூர்த்தி செய்தவர்கள் 675 பேர், அதாவது 100-க்கு 68 பேர் மாத்திரமே. பூர்த்தி செய்தவர்களுக்கு மரண அபாயம், செய்யாதவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதியே. சிகிச்சையை ரண சிகிச்சைக்குப் பின் எத்தனை சீக்கிரம் ஆரம்பித்தார்கள் என்பது இவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. பன்னிரண்டு வாரம் வரை உடல் தேறப் பொறுத்திருந்து ஆரம்பித்தாலும், முழுவதும் பெற்றால் நலம் என்பதே அவ்வாராய்ச்சியாளர்கள் கண்ட முடிவு.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்களாதலால், எதிர்த் தரப்புக் கேட்கக் கூடிய குறுக்குக் கேள்வியை நாமே கேட்டுவிடுகிறோம். பூர்த்தி செய்ததனால் பிழைத்தார்களா, பிழைக்கக் கூடிய உடல்வாகு இருந்ததனால் பூர்த்தி செய்தார்களா? மூன்றாம் மாதத்தில் நோய் திரும்பியவருக்கு மருந்து நிறுத்தப்பட்டிருக்கும். அவர் "பூர்த்தி செய்யாதவர்" கணக்கில் விழுவார். ஆறு மாதம் உயிருடன் இருந்தவரே ஆறு தவணையும் பெற்றிருக்க முடியும். ஆகையால் காரணத்தையும் காரியத்தையும் இச்சாட்சியம் ஐயத்துக்கிடமின்றிப் பிரித்துக் காட்டிவிட்டது என்று நாம் வாதிக்கமாட்டோம். கையொப்பமிட்ட பத்திரத்தைப்போல் இதனைக் காட்டி, பாதியில் நிறுத்தியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரும் அநியாயம். வைத்தியரே நிறுத்தச் சொன்னவர், அளவு குறைத்துக் கொடுக்கச் சொன்னவர், ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னவர் இவர்களில் யாரும் தவறு செய்தவர்களல்லர். அளவைக் குறைத்தும் தள்ளிப்போட்டும் கொண்டுசெலுத்துவதுதான் பெரும்பாலும் பூர்த்தி செய்வதற்கே வழியாகிறது. பிரான்ஸ், கனடாப் பரிசோதனையில் கலப்பு மருந்து பெற்றவர்களில் 100-க்கு 75.9 பேருக்குக் கடுமையான உபாதைகள் உண்டாயின. எல்லாத் தவணைகளையும் முடித்தவர்கள் 66.4 பேர். லேசான மருந்தான ஜெம்சிட்டபினையே 79 பேர்தான் முடித்தார்கள். பரிசோதனைக்கென்று தேர்ந்தெடுத்த நோயாளிகளும், நாள்தோறும் கண்காணிக்கும் தாதிகளும் உள்ள இடத்திலேயே நிலைமை இதுவென்றால், ஏனைய இடங்களைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை.

உடல் தாங்காமல் நிறுத்துவது வேறு, பஸ் கிடைக்காமல் நிறுத்துவது வேறு. முன்னதற்கு வைத்தியர் பொறுப்பு. பின்னதற்கு சர்க்கார் பொறுப்பு. நமது கட்சி இவ்வளவே.

அந்த ஆறு மாதம் எப்படிக் கழிகிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சற்று விரித்துரைக்கிறோம். கலப்பு மருந்து முறையில் பதினான்கு நாட்களுக்கு ஒரு தவணை, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு தவணைக்கு முன்னும் இரத்தம் எடுத்து, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் போதிய அளவு உள்ளனவா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அன்று மருந்தில்லை. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சரியாக இருந்தால் மார்புத் தோலுக்கடியில் வைத்துள்ள போர்ட் என்னும் சிறு கருவி வழியாகச் சில மணி நேரம் மருந்துகள் ஏறும். கடைசி மருந்தை ஒரு சிறு பம்பில் நிரப்பி இடுப்பில் கட்டிவிடுவார்கள். 46 மணி நேரம் அது சொட்டிக்கொண்டேயிருக்கும். தீர்ந்தபின் அதைக் கழற்ற மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். சில நாட்கள் குமட்டலும் வயிற்றுப்போக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் பெறுபவர் குளிர்ந்த நீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்தினாற்போல் இருக்கும்; தவணைகள் செல்லச் செல்ல விரல் மரத்து, சட்டைப் பொத்தான் போடவும் முடியாமற்போகும். எல்லாவற்றிலும் அபாயமானது சுரம். சாதாரண ஜனங்களுக்கு 100.4 டிகிரி சுரம் ஒரு மாத்திரையோடு போகும் விஷயம். வெள்ளணு குறைந்திருக்கும் இவருக்கோ அது அர்த்தராத்திரியிலும் வண்டி பிடிக்க வேண்டிய விஷயம். கிருமிகளை அழிக்கும் மருந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஏறியாக வேண்டும்.

இதனோடு சாப்பாட்டுத் துன்பம். கணையத்தின் பெரும் பாகம் போய்விட்டபடியால் உண்ட கொழுப்புச் செரிப்பதில்லை. உடல் இளைத்துக்கொண்டே போகும். உணவுடன் செரிமான நொதிகள் அடங்கிய குளிகைகளைத் தவறாமல் உட்கொண்டால் இதற்குப் பரிகாரமுண்டு. பலருக்கு நீரிழிவும் வந்து சேரும். குளிகையை வாங்கச் சக்தியில்லாதவர், அல்லது அதன் அவசியம் சொல்லப்படாதவர், மருந்தின் கடுமையினால் அல்ல, பட்டினியினாலேயே நான்காவது தவணையில் துவண்டுபோகிறார். அக்குளிகை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இதனை மறைத்துக் கொடுப்பதும் தவறு. கேள்விப்பட்டு மனம் கலங்கி நிறுத்தும்படி விட்டுவிடுவதும் தவறு. நிதானமாக எடுத்துச் சொல்லி, நோயாளியின் மனச்சாட்சிக்கு மதிப்புக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இப்படிப்பட்ட ஆளுக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு கிடையாது.

பரமக்குடியில் தறி நெய்து பிழைக்கும் ஒருவர் மதுரையில் இச்சிகிச்சை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக சுமார் 80 கிலோமீட்டர், வர 80. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மருந்துக்கு ஒரு நாள், பம்பைக் கழற்ற ஒரு நாள் என்று வைத்தால் பன்னிரண்டு தவணைகளுக்கு 36 பிரயாணம். 5,700 கிலோமீட்டருக்கு மேல். இவர் தனியே போக முடியாது; மனைவியோ மகனோ கூடப் போனால் அவர் கூலியும் போயிற்று. பிரதம மந்திரியின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கிறது. அது பெரும் உதவி என்பதை நாம் ஒருபோதும் மறுக்கமாட்டோம். வெட்டவும் மருந்தேற்றவும் ஆகும் செலவால் வீட்டை விற்ற காலம் பலருக்கு அதனால் மாறியிருக்கிறது. ஆனால் பஸ் கட்டணமும், நின்றுபோன தறியும், மாதாமாதம் வெளியில் வாங்கும் குளிகையும் அத்திட்டத்தின் கணக்கில் வருவதில்லை. ஐந்தாவது தவணைக்குப் போகாமல் அவர் நின்றுவிட்டால், "நோயாளி வரவில்லை" என்று பதிவேட்டில் எழுதப்படும். வராததற்குக் காரணம் எழுத அப்பதிவேட்டில் இடமில்லை.

இங்கே அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த காலஞ்சென்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையாரின் நினைவு வருகிறது. சட்டம் பயின்ற எவரும் போற்றும் பெயர். 2009 பிப்ரவரி 5-ம் தேதி, தமது 75-வது வயதில், கணையப் புற்றுநோய்க்காக அவருக்கு ரண சிகிச்சை நடந்தது. அதே மாதம் 23-ம் தேதி நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து வழக்குக் கேட்டார். அதன்பின் மருந்துச் சிகிச்சையும் பெற்றார். 2020 செப்டம்பர் 18-ம் தேதி காலமாகும்வரை பதினொரு வருஷங்களுக்கு மேல் அப்பதவியை வகித்தார். அவருக்குக் கண்ட கட்டி மிகச் சிறியதே. முன்பு வேறொரு புற்றுநோய் கண்டிருந்தபடியால் செய்துவந்த வழக்கமான பரிசோதனையில் அகப்பட்டது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவருடைய மனோதிடத்தைப் பற்றி எழுதியவர்கள், அத்திடத்தைச் சூழ்ந்து நின்ற வசதிகளைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. தலைநகரத்தில் வாசம், கூப்பிட்டால் வைத்தியர், நின்றுபோகாத சம்பளம். மனோதிடம் பரமக்குடியிலும் உண்டு.

இனி, ஜில்லா நிலையங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் ஓர் ஆட்சேபத்தைக் கவனிப்போம். இம்மருந்துகள் விஷத்துக்கொப்பானவை, பழகாத கைகளில் கொடுத்தால் நோயைக் காட்டிலும் மருந்தே கொல்லும், ஆகையால் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கட்டும் என்று சில நிபுணர்கள் கூறுகிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஃபுளுரோயுராசில் என்னும் மருந்தை உடலில் முறிக்கும் சக்தி பிறவியிலேயே குறைந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சாதாரண அளவே உயிருக்கு ஆபத்து. அதற்கு முன்கூட்டியே பரிசோதனை செய்யும்படி ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2020-ல் சிபாரிசு செய்தது. ஜில்லாவில் ஒரு நாற்காலியையும் ஒரு சொட்டு மருந்துத் தாங்கியையும் வைத்துவிட்டு, பெயர்ப் பலகையைத் திறந்துவைத்தால் அது சிகிச்சை நிலையமாகிவிடாது. ஆனால் இந்த ஆட்சேபம் நிலையங்களைத் திறக்காதிருப்பதற்குக் காரணமாகாது; சரியாகத் திறப்பதற்கே காரணமாகும். எந்த மருந்து, எவ்வளவு என்று பெரிய ஆஸ்பத்திரி தீர்மானித்து, முதல் தவணையை அங்கேயே கொடுத்துப் பார்த்து, தாங்கினால் பிந்தியவற்றை ஜில்லாவில் கொடுக்கலாம். ஜெம்சிட்டபின் அரைமணி நேரத்தில் ஏற்றக் கூடியது. அதனோடு சேர்த்துக் கொடுக்கும் கேப்சிட்டபின் வெறும் மாத்திரை. இவ்விரண்டுக்கும் கடல்போன்ற ஆஸ்பத்திரி தேவையில்லை. கலப்பு மருந்தை மதுரையிலேயே ஏற்றிக்கொண்டாலும், இரத்தப் பரிசோதனையையும் பம்பைக் கழற்றுவதையும் ராமநாதபுரம் ஜில்லாவில் செய்தால், 36 பிரயாணம் 12 ஆகக் குறையும். சுரம் கண்ட இரவில் எங்கே ஓடுவது என்பதற்கும் விடையிருக்கும்.

இது வெறும் கற்பனையுமல்ல. அஸ்ஸாமில் மாநில சர்க்காரும் டாட்டா தர்ம ஸ்தாபனங்களும் கூடிப் பல ஊர்களில் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளைச் சங்கிலிபோல் அமைத்து வருகின்றன. 2022 ஏப்ரல் 28-ம் தேதி ஒரே நாளில் ஏழு ஆஸ்பத்திரிகள் திறக்கப்பட்டன. மும்பையின் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியை மையமாகக் கொண்டு 2012-ல் ஏற்பட்ட தேசியப் புற்றுநோய் வலை, தேசத்தின் பல ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுவான சிகிச்சை முறைகளை வகுத்துத் தந்திருக்கிறது. வகுத்த முறையும் இருக்கிறது, நடத்திக் காட்டிய அனுபவமும் இருக்கிறது.

ரண சிகிச்சைக்குப் பின் இத்தனை பேர் மருந்தை முடிக்காததைக் கண்டு, மருந்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு அப்புறம் அறுக்கலாமே என்று ஒரு கட்சியினர் வாதித்து வருகிறார்கள். கட்டி அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைத் தொட்டிருக்கும் நோயாளிகளுக்கு இம்முறை வழக்கத்தில் வந்துவிட்டது. எளிதில் அறுக்கக் கூடியவர்களுக்கு இதனால் ஆதாயமுண்டா என்பது தீரவில்லை; வடஐரோப்பிய தேசங்களில் நடந்த ஒரு பரிசோதனை 2024-ல் ஆதாயம் காட்டவில்லை. எப்படித் தீர்ந்தாலும் நமது பரமக்குடி நெசவாளர் பஸ் ஏறவேண்டியது ஏறவேண்டியதே. முன்னால் ஏறுவாரா பின்னால் ஏறுவாரா என்பதுதான் வித்தியாசம்.

ஆதலால் நாம் சர்க்காரைக் கேட்பது பெரிய தொகையல்ல. ஒவ்வொரு ஜில்லா நிலையமும் வைக்கும் பதிவேட்டில், விதிக்கப்பட்ட தவணை எத்தனை, பெற்றது எத்தனை என்று இரண்டு பத்திகள் இருக்கட்டும். இரண்டும் வேறுபட்டால், நிறுத்தியது வைத்தியரா, நோயா, வறுமையா, தூரமா என்று எழுத மூன்றாவது பத்தி ஒன்று இருக்கட்டும். தவணை நாளில் வராதவருக்கு மறுநாளே ஒரு தாதி டெலிபோன் செய்யட்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைவருக்கும் கட்டணச் சலுகை ஏற்கனவே உண்டு. ரயில் போகாத ஊர்களுக்கு பஸ்ஸிலும் அதைக் கொடுப்பதில் என்ன சங்கடம் என்று மாநில மந்திரிகள் சொல்லட்டும். நிலையங்கள் எத்தனை திறக்கப்பட்டன என்று பார்லிமெண்டில் கேட்கும் அங்கத்தினர்கள், அந்த மூன்றாவது பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்.